எனக்குத் தந்த மாத்திரையை மாமியாருக்கு ஏன் மறுத்தார்? மருந்தாளுநர் செய்யும் பரிசோதனையும் சிகிச்சையும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு வயது 36. நாங்கள் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் மருந்தாளுநரே தனியறையில் உட்கார வைத்து விசாரிக்கிறார். தேவைப்பட்டால் பரிசோதனை செய்கிறார். சில சாதாரண நோய்களுக்கு மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்தும் தருகிறார். மூன்று மாதம் முன்பு எனக்கு நீர்க்கடுப்பு வந்தபோது எந்தப் பரிசோதனையும் செய்யாமல், நாலைந்து கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, நைட்ரோஃபுரான்டோயின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. மூன்று நாளுக்கு ஆறு மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டதால் நாலோடு நிறுத்திவிட்டேன், இரண்டு மீதம் இருக்கிறது. எரிச்சல் தணிய வீட்டிலிருந்த சிறுநீர் அமிலம் குறைக்கும் சிரப்பையும் சேர்த்துக் குடித்தேன்.

போன வாரம் என் 68 வயது மாமியாருக்கும் அதே எரிச்சல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் புதிதாக டாபாகிளிஃப்ளோசினும், ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரிலும் சாப்பிடுகிறார். அதே மருந்தாளுநர் சிறுநீரில் தோய்த்து நிற மாற்றம் பார்க்கும் ஸ்ட்ரிப்கூடப் போட்டுப் பார்க்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டார். மாமியாரோ “உடம்புச் சூடுதான், தண்ணீர் குடித்தால் போய்விடும்” என்று வர மறுக்கிறார். என்னிடம் உள்ள இரண்டு மாத்திரையைக் கொடுக்கலாமா?

இதற்கிடையே என் 9 வயது மகனுக்கு (28 கிலோ) மூன்று நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல், மூக்கொழுகல், இருமல். தொண்டையில் குச்சி விட்டுப் பார்த்து “நெகட்டிவ்” என்றார், ஆன்டிபயாடிக் தரவில்லை. பரிசோதனைக்குக் காசு வாங்கிக்கொண்டு மருந்து தராமல் அனுப்புவது என்ன நியாயம் என்று கணவர் கோபப்படுகிறார். முந்தின ராத்திரி ஃபிரிஜ்ஜில் இருந்த பழைய அமாக்சிசிலின் சிரப்பை இரண்டு வேளை கொடுத்திருந்தேன். திட்டுவாரோ என்று அவரிடம் சொல்லவில்லை. இவர் பரிசோதனையை நம்பலாமா, அல்லது இனி நேரே மருத்துவரிடமே போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாத்திரையை மாமியாருக்குக் கொடுக்க வேண்டாம். அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், இன்றோ நாளையோ. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் அல்லது முதுகில் வலி, வாந்தி, திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கே போங்கள். அப்படியான உடல்நிலையில் சாப்பாடும் தண்ணீரும் இறங்காவிட்டால், டாபாகிளிஃப்ளோசினையும் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் அப்போதே கேளுங்கள். நோயுற்ற நாளில் டாபாகிளிஃப்ளோசினைத் தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே உடலில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

உங்கள் கோபத்துக்கு அடியில் இருப்பது ஓர் எதிர்பார்ப்பு. பரிசோதனை என்றால் அது விடை சொல்லும், விடை தெரிந்தால் மருந்து கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். மருந்துக்கடை அறையில் நடப்பது வேறு. முடிவின் பெரும்பகுதி கேள்விகளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. கேள்விகளால் தீராத சந்தேகத்தைத் தீர்க்க மட்டுமே குச்சியும் ஸ்ட்ரிப்பும். உங்களுக்குப் பரிசோதிக்காமலே மருந்து வந்ததும், மாமியாருக்குப் பரிசோதனையே மறுக்கப்பட்டதும் இதனால்தான்.

வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது

மருந்தாளுநர் தன் விருப்பத்துக்கு மருந்து தருவதில்லை. இந்தச் சேவையைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், எந்த நோய், எந்த வயது, எந்த மருந்து, எத்தனை நாள், எதைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வகுக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31-இல் தொடங்கிய திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழே நோய்கள்: தொண்டை வலி, சைனஸ் அழற்சி, காதுத் தொற்று, பூச்சிக்கடித் தொற்று, தோல் கொப்புளத் தொற்றான இம்பெடிகோ, அக்கி, பெண்களுக்கான எளிய சிறுநீர்த் தொற்று. ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு அது 16 முதல் 64 வரை. கர்ப்பிணிகளுக்கு இதில் இடமில்லை, ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஒரு வருடத்தில் மூன்று முறையோ தொற்று வந்தவர்களுக்கும் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2007 முதலே மருந்தாளுநர்களுக்கு இதைவிட விரிந்த அதிகாரம் தந்திருக்கிறது. உங்கள் ஊர் வரம்பு எதுவாக இருந்தாலும், 36 அதற்குள்ளும் 68 அதற்கு வெளியிலும் விழுந்திருக்கிறது என்பது தெளிவு. இப்படி எழுதப்பட்ட அனுமதி இல்லாத இடத்தில் ஒருவர் கவுன்டரில் நின்றபடி ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்தால், அது இந்தச் சேவையே அல்ல, சட்டமீறல்.

உங்கள் நீர்க்கடுப்பு

அவர் கேட்ட “நாலைந்து கேள்வி” என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சிறுநீர் போகும்போது எரிகிறதா, வழக்கத்துக்கு மாறாக ராத்திரி எழுந்து போகிறீர்களா, சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா? வெள்ளைப்படுதலோ அரிப்போ உண்டா? கர்ப்பம் இருக்க வாய்ப்பு உண்டா? முதலில் கேட்ட மூன்று அறிகுறிகளில் குறைந்தது இரண்டு இருந்து, வெள்ளைப்படுதல் இல்லையென்றால், 65 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் ஸ்ட்ரிப் நெகட்டிவ் காட்டினாலும் தொற்று இல்லை என்று விட்டுவிட முடியாது. ஆகவே போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருந்து சந்தேகமாக இருந்தால்தான் ஸ்ட்ரிப்புக்கு வேலை வரும்.

அந்த ஸ்ட்ரிப் எளிதில் ஏமாறும் பொருள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரைட் கட்டம் நிறம் மாற, ஈ.கோலை போன்ற கிருமி சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியிருக்க வேண்டும். அதற்குச் சிறுநீர் பையில் சுமார் நான்கு மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் ஓடுகிறவருக்கு அது எப்படித் தங்கும்? என்டரோகாக்கஸ் மாதிரி சில கிருமிகள் எவ்வளவு நேரம் தங்கினாலும் நைட்ரைட் உண்டாக்காது. வைட்டமின் சி அதிகம் சாப்பிட்டிருந்தால் பாசிட்டிவ் ஆகவேண்டியது நெகட்டிவ் ஆகும். டப்பா மூடியைத் திறந்து வைத்து ஈரம் ஏறிய ஸ்ட்ரிப் இல்லாத நைட்ரைட்டைக் காட்டும். எரிச்சலுக்காகச் சாப்பிடும் ஃபெனாசோபிரிடின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கி எல்லாக் கட்டத்தையும் குழப்பிவிடும்.

இனி நீங்கள் செய்த இரண்டு காரியங்கள். நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர் அமிலத்தன்மையோடு இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். அமிலம் குறைக்கும் சிரப்பைச் சேர்த்துக் குடித்தது மருந்தின் கையைக் கட்டிப்போட்டது போல. மக்னீசியம் டிரைசிலிகேட் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தும் கூடாது. இந்த மாத்திரை உடலில் சேருவதையே குறைத்துவிடும். சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டியதில்லை.

மூன்று நாள் என்பது ஏற்கெனவே குறைக்க முடிந்த அளவு குறைத்து வைத்த கணக்கு. அதிலும் இரண்டைக் கழித்தது சரியில்லை. உங்களுக்கு அடங்கிவிட்டது, நல்லது. மீந்த இரண்டும் அடுத்த முறைக்கும் ஆகாது, அடுத்தவருக்கும் ஆகாது. மருந்துக்கடையிலேயே திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். மறுபடி நீர்க்கடுப்பு வந்து, மருந்தைச் சரியாக எடுத்தும் 48 மணி நேரத்தில் குறையாவிட்டால், சிறுநீர் கல்ச்சர் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் இன்னொரு ஆன்டிபயாடிக்குக்குப் போகக்கூடாது.

மாமியாருக்கு மறுத்தது ஏன் சரி

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது இந்தப் பகுதிக்குத்தான். அதே எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல் ஒன்றுதான், காரணம் ஒன்று என்று சொல்ல முடியாது.

டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து. அந்தச் சர்க்கரை பிறப்புறுப்புப் பகுதியில் பூஞ்சைக்குத் தீனியாகிவிடும். அரிப்பு, தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதல், சிறுநீர் படும் இடத்தில் வெளிப்புற எரிச்சல், இப்படி வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தேவை பூஞ்சைக்கான மருந்து. ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் கூடும். மருந்து புதிதாகச் சேர்ந்தது, எரிச்சலும் புதிதாக வந்தது என்பதால் இந்தச் சந்தேகம் எனக்கு முதலில் எழுகிறது. மாதவிடாய் நின்றபின் வரும் பிறப்புறுப்பு வறட்சியும் இதே எரிச்சலைத் தரும். எரியும்போது உள்ளேயா வெளியேயா, அரிப்பு உண்டா என்று நீங்கள் மென்மையாகக் கேட்டுப் பாருங்கள். மருமகளிடம் சொல்லக் கூச்சப்பட்டால் மகளையோ ஒரு பெண் மருத்துவரையோ கேட்கச் சொல்லுங்கள். “சூடு” என்று அவர் சமாளிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான் இருக்கும்.

ஸ்ட்ரிப் ஏன் போடவில்லை? 65 வயதைத் தாண்டிய பெண்களில் கணிசமானவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இது இன்னும் அதிகம். அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் ஸ்ட்ரிப் அதையும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும், உடனே எல்லோரும் ஆன்டிபயாடிக்கைத் தேடி ஓடுவார்கள். இந்த வயதில் தொற்றை முடிவு செய்ய வேண்டியது அறிகுறிகளாலும், மருந்து தொடங்குமுன் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் கல்ச்சராலும்தான். இன்னொன்று, டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவரின் ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக் கட்டம் எப்போதும் நிறம் மாறியே இருக்கும். அதைப் பார்த்து சர்க்கரை கட்டுமீறிவிட்டது என்று பதற வேண்டாம்.

சரி, உண்மையிலேயே சிறுநீர்த் தொற்றாக இருந்தால்? அப்போதும் உங்கள் மாத்திரை பொருந்தாமல் போகலாம். நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீரகம் வடிகட்டி அனுப்பினால்தான் சிறுநீரில் சேரும். சிறுநீரகம் மந்தமானால் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் 45-க்குக் கீழே) அங்கே போதிய அளவு போய்ச் சேராது, ரத்தத்தில் தங்கிப் பக்கவிளைவு தரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 68 வயதுக்காரரின் இ.ஜி.எஃப்.ஆர் தெரியாமல் இதைக் கொடுப்பது கண்மூடித்தனம். டிரைமெத்தோபிரிம் என்ற வேறு ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமே என்றால், அது ராமிப்ரிலோடு சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடியது. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தால் நைட்ரோஃபுரான்டோயின் அங்கே எட்டவே எட்டாது. இரண்டே மாத்திரை கொடுத்தால் கிருமி சாகாது, கல்ச்சர் முடிவு மட்டும் கெட்டுப்போகும்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்து அட்டைகளையும், கடைசியாக எடுத்த கிரியேட்டினின் அல்லது இ.ஜி.எஃப்.ஆர் அறிக்கையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் மாதிரிக்கு முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். மருந்தாளுநர் வெறுமனே “டாக்டரிடம் போங்கள்” என்று சொல்லி அனுப்பியிருந்தால், அது அவர் பக்கக் குறைதான். எதற்காக அனுப்புகிறேன், எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதித் தந்திருக்க வேண்டும்.

மகனின் தொண்டை

தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 பேருக்கும்தான் ஆன்டிபயாடிக் கேட்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி காரணம். காய்ச்சல், டான்சிலில் சீழ்த் திட்டு, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு, இருமல் இல்லாமை ஆகியவை அந்தக் கிருமியின் பக்கம் சாயும் அடையாளங்கள். மூக்கொழுகலும் இருமலும் வைரஸின் பக்கம் சாயும்.

உங்கள் மகனுக்கு இரண்டுமே இருந்தன. என்னைக் கேட்டால், அந்தக் குச்சிப் பரிசோதனையே தேவைப்பட்டிருக்காது. நோயில்லாமலே இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்து திரியும் பிள்ளைகள் பள்ளி வயதில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உண்டு. சளி பிடித்த அப்படி ஒரு பிள்ளைக்குப் பரிசோதனை செய்தால் பாசிட்டிவ் வரும், தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் வரும். உங்கள் கணவரின் கோபத்தில் நியாயமான பாதி இங்கே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, காசு கொடுத்தும் மருந்து ஏன் தரவில்லை என்பதல்ல. மருந்து தரும் எண்ணமே இல்லாதபோது பரிசோதனை எதற்கு என்பது.

நெகட்டிவ் முடிவை எவ்வளவு நம்பலாம்? கிருமி உள்ள நூறு பிள்ளைகளில் சுமார் 85 பேரை இந்த விரைவுப் பரிசோதனை பிடிக்கும். கிருமி இல்லாத நூறு பேரில் சுமார் 95 பேரை இல்லை என்று சரியாகச் சொல்லும். தொண்டை வலியோடு வரும் நூறு பிள்ளைகளில் 25 பேருக்குக் கிருமி இருப்பதாக வைத்துக்கொண்டால், நெகட்டிவ் வரும் 75 பேரில் நாலு பேருக்குத்தான் உண்மையில் கிருமி இருக்கும். மூக்கொழுகலும் இருமலும் இருந்தால் அதைவிடவும் குறைவு. இந்தக் கிருமித் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைப் பாதிக்கக்கூடிய வாதக் காய்ச்சலின் பயம் அதிகமுள்ள இடங்களில் இந்த நாலு பேரையும் விடக்கூடாது என்று, பிள்ளைகளுக்கு நெகட்டிவ் வந்தால் தொண்டைக் கல்ச்சரும் எடுப்பார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் குச்சி சரியாகப் பட்டிருந்தால்தான். இரண்டு டான்சிலும் தொண்டையின் பின்சுவரும் நன்றாக உரசப்பட வேண்டும், நாக்கிலும் கன்னத்திலும் படக்கூடாது. பிள்ளை குமட்டாமல் சிரித்துக்கொண்டே வந்தால் எனக்குச் சந்தேகம்தான். முடிவைப் பொதியில் சொன்ன நிமிடத்திலேயே படிக்க வேண்டும். மறந்துபோய் நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியலாம்.

இதையெல்லாம்விட, நீங்கள் மறைத்த அந்த இரண்டு வேளை சிரப் பெரிய விஷயம். பரிசோதனைக்கு முன் ஆன்டிபயாடிக் உள்ளே போனால் கிருமி எண்ணிக்கை குறைந்து, இருக்க வேண்டிய பாசிட்டிவ் நெகட்டிவ் ஆகலாம். இன்றே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் சிரப் ஃபிரிஜ்ஜில் வைத்தாலும் தயாரிப்பைப் பொறுத்து 7 முதல் 14 நாள்தான் தாங்கும். பழையதன் வீரியம் யாருக்கும் தெரியாது, கொட்டிவிடாமல் அதையும் கடையில் கொடுத்துவிடுங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. தொண்டை வலிக்குக் காரணம் சுரப்பிக் காய்ச்சல் உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸாக இருந்தால், அமாக்சிசிலின் உடம்பெல்லாம் சிவந்த தடிப்பைக் கிளப்பிவிடலாம். அமாக்சிசிலின் பென்சிலின் வகை என்பதால், பிறகு அந்தப் பிள்ளைக்கு “பென்சிலின் அலர்ஜி” என்ற முத்திரை காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அவனுக்கு வேண்டியது வலி தணிவதுதான். பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; 28 கிலோவுக்கு 280 முதல் 420 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பானால் ஒரு வேளைக்கு 5.5 முதல் 8 மி.லி. வரை, 4 முதல் 6 மணி இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சமையலறைக் கரண்டியில் அளக்காதீர்கள், சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். தொண்டை வலி ஒரு வாரம் வரை இழுக்கும். ஆன்டிபயாடிக் அதைச் சராசரியாக 16 மணி நேரம்தான் குறைக்கிறது என்பது கணவருக்குத் தெரிந்தால் கோபம் கொஞ்சம் ஆறும். எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தால், வாயைத் திறக்க முடியாவிட்டால், குரல் அடைபட்டதுபோல மாறினால், மூச்சில் சத்தம் கேட்டால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினால், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இவை இல்லாமல் காய்ச்சல் ஐந்து நாளைத் தொட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காசும் உரிமையும்

பரிசோதனைக் கட்டணம் என்பது முடிவெடுக்கும் வேலைக்கான கூலி. மருந்துக்குக் கட்டிய முன்பணம் அல்ல அது. மருந்து விற்றால்தான் லாபம் என்ற நிலையில் ஒருவர் பரிசோதனையும் செய்தால், பாசிட்டிவ் பக்கம் மனம் சாய இடமுண்டு. அந்தச் சந்தேகம் வீணானதல்ல. அதனால்தான் நன்றாக வகுத்த திட்டங்களில் ஆலோசனைக்கென்றே கட்டணம் வைக்கிறார்கள். இங்கிலாந்துத் திட்டத்தில் நிபந்தனைக்குள் வரும் ஆலோசனைக்கு, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கடைக்கு ஒரே தொகை. உங்கள் மருந்தாளுநர் விற்கக்கூடிய மருந்தை மூன்றில் இரண்டு முறை விற்காமல் அனுப்பியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கு உரியதைத் தயங்காமல் கேளுங்கள். விசாரணை தனியறையில் நடக்க வேண்டும். குச்சி எடுப்பவர் பயிற்சி பெற்ற மருந்தாளுநரா, கடை உதவியாளரா என்று கேட்கலாம். என்ன பார்த்தார், என்ன முடிவு, என்ன கொடுத்தார் அல்லது ஏன் கொடுக்கவில்லை என்ற பதிவின் நகல் வாங்குங்கள், மருத்துவரிடம் போகும்போது உதவும். பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளுமுன் ஒரே ஒரு கேள்வி: “பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இனி யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கோ மகனுக்கோ தொண்டை வலி, நீர்க்கடுப்பு, பூச்சிக்கடி என்றால் முதலில் மருந்தாளுநரிடம் போவதில் தவறில்லை. அனுப்ப வேண்டியதை அனுப்பத் தெரிந்தவர் என்று காட்டியிருக்கிறார். ஒரே தொல்லை ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தால் மருத்துவரிடம் போங்கள். மாமியாருக்கு எதுவானாலும், மருந்துகளின் எண்ணிக்கையையும் சர்க்கரையையும் பார்த்தால், மருத்துவரே முதல் இடம். ஆனால் அவருடைய மருந்துகளில் ஒன்று மாறும்போதெல்லாம் பட்டியலை இதே மருந்தாளுநரிடம் காட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.